நடுத்தரவையில் நின்ற நாயுண்ணி

நாயுண்ணி என்கிற அந்த முட்புதரை எப்படி அழிப்பது என்று, வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை, பிள்ளைகளே. அதெல்லாம் உங்கள் கைபேசியில் படத்தோடும் பாட்டோடும் இருக்கிறது. போதாக்குறைக்கு ட்ரோன் வேறு வாங்கித் தந்திருக்கிறார்களாம். மேலே விட்டால் பற்றை எங்கே நிற்கிறது என்று வடிவாகத் தெரியும், சரி. அது ஏன் அங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை அறிய வெயிலில் இறங்கி நடக்கவேண்டும், ஆட்களோடு இருக்கவேண்டும், வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். மூன்றாவதுதான் நம் உத்தியோகத்தில் ஒருவருக்கும் வராது. எனக்கும் லேசில் வரவில்லை.

நான் கால்நடைப் போதனாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கிளிநொச்சியில் தொடங்கி, மாங்குளத்துக்குக் கிழக்கே உள்ள கிராமங்களில் முடித்தேன். ஊசி போட்டதும் கூட்டம் வைத்ததும் உங்களுக்கும் தெரிந்த கதைதான், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது லெச்சுமியக்காவைப் பற்றி. அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. ஊரின் பெயரையும் சொல்லமாட்டேன். அவர் இருந்தவரை இதைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் இல்லை. இனிச் சொன்னால் அவரை நோகப்பண்ண ஒருவராலும் ஏலாது.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த ஊருக்குப் பின்னால் பெரிய தரவை ஒன்று இருந்தது. தரவை என்றால் மரமில்லாத பொதுப் புல்வெளி. ஊர் மாடு முழுக்க அங்கேதான் மேயும். நான் அந்தப் பிரிவைப் பொறுப்பெடுத்தபோது தரவையில் பாதியை நாயுண்ணி பிடித்திருந்தது. பூ நல்ல வடிவு, பழத்தைச் சின்னப் பிள்ளைகள் பறித்துத் தின்னும். ஆனால் அது நிற்கிற இடத்தில் புல் முளைக்காது. இலை மாட்டுக்கு நஞ்சு. நம் நாட்டு மாடுகள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். அந்த வருடம் மழை பிந்தியது. புல் வேரோடு கருகிப்போனதும் பசி எல்லாவற்றையும் மறக்கப் பண்ணிவிட்டது. உதவித் திட்டத்தில் கொடுத்த கலப்பினப் பசுக்களுக்கோ அந்தப் பற்றையே புதிது. அவை நன்றாகத் தின்றன.

நாயுண்ணி தின்ற மாட்டை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். கண் மஞ்சளாகும், சாணம் இறுகும், மாடு வெயிலைக் கண்டால் ஒளிய இடம் தேடும். பிறகு மூக்குத் தோல் வெடித்து உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

லெச்சுமியக்கா மலையகத்தில் பிறந்தவர். கலவரமொன்றில் வீடு எரிய, தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதிலேயே வன்னிக்கு வந்தவர். நான் காணும்போது தனி மனுசி. புருசன் முள்ளிவாய்க்காலோடு சரி. மாடு வளர்த்துப் பால் ஊற்றிச் சீவித்தார். அவருடைய பசுவும் நாயுண்ணி தின்றுவிட்டது என்று ஆள் வந்து சொல்ல நான் ஓடினேன். கொட்டிலுக்குள் பசு படுத்திருந்தது. தன் சேலை ஒன்றை நனைத்து அதன் முகத்தில் போர்த்துவிட்டு, பக்கத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார். பசு மறுநாள் செத்தது. பசுவுக்காக அழுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பசுவிடம் மன்னிப்புக் கேட்டு அழுதவரை அங்கேதான் பார்த்தேன். கவனமாகக் கட்டி வைக்கவில்லை என்று மனம் குத்துகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கால்நடை வளர்ப்போர் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்த குடும்பத்தவர், நல்ல உழைப்பாளி, முன்கோபி. அவருடைய தொழுவத்திலும் மாடு செத்திருந்தது; வயிறு எரிந்துபோய் இருந்தார். கையால் வெட்டி மாளாது, மழைக்கு முன்னம் மண் கிண்டுகிற பெக்கோ விட்டு வேரோடு கிளப்ப வேண்டும் என்றார். யார் யாரையோ பிடித்து, கெஞ்சி, ஒரு பெக்கோ இயந்திரத்துக்கும் வழி பண்ணிவிட்டார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மழை விழுந்துவிட்டால் அந்த நிலத்துக்குள் இயந்திரம் இறங்காது, புதைந்துவிடும். விட்டால் அடுத்த கோடையில் இன்னும் மாடு சாகும்.

கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். நான் சேவைக்கு வந்த புதிதில் எனக்கு மேலே இருந்த அலுவலர் ஒருவரிடமிருந்து தொற்றிய பழக்கம் அது. எந்தக் களையைக் கண்டாலும் அந்த மனுசன் முதலில் கேட்பது, முதல் பற்றை எங்கே நின்றது என்றுதான். நாயுண்ணிப் பழத்தைக் குருவி தின்னும்; மரத்திலோ வேலியிலோ இருந்து எச்சம் போடும். ஆகவே அது வேலியோரம் தொடங்கி உள்ளே வரவேண்டும். இந்தத் தரவையில் மறுவளமாக இருந்தது. வயதுபோன தடித்த அடிக்கட்டைகள் எல்லாம் நட்டநடுவில், மரமும் மதகும் இல்லாத வெட்டையில் நின்றன. ஓரத்துக்குப் போகப் போகப் பற்றை இளசு. நடுவுக்கு எப்படி வந்தது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். குருவிக்கு வரம்பு தெரியுமோ என்று தலைவர் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். லெச்சுமியக்கா எழும்பி வெளியே போனார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறாராக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பெக்கோ வேலியோரத்தில் தொடங்கியது. பாரம் ஏற்ற ஆட்கள், எரிக்க ஆட்கள் என்று தலைவர் ஊரையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். எல்லாருக்கும் தேத்தண்ணி, பணிஸ். ஒரு திருவிழாவுக்குரிய கலகலப்பு இருந்தது என்றே சொல்லவேண்டும். பெக்கோவை வேறு ஊருக்குக் கொடுக்க வேண்டிய நாளும் வந்துகொண்டிருந்தது, கிழக்கே வானம் கறுத்துக்கொண்டும் வந்தது. நடுப்பற்றைக்குக் கிட்டப் போனபோது இயந்திரத்தின் சத்தம் நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தால், லெச்சுமியக்கா பெக்கோவின் வாளிக்கு முன்னால் நிலத்தில் இருக்கிறார். காலை நீட்டி, சப்பாணி போட்டெல்லாம் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி. ஓட்டுநர் தம்பி இறங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார். தலைவர் கத்திக்கொண்டிருந்தார். இவவுடைய மாடும்தானே செத்தது, இவவுக்கு விசரோ, மழை வரப்போகுது, ஊர் மாடு எல்லாம் சாகட்டுமோ என்று. நியாயமான கோபம், பிழை சொல்ல ஏலாது. என்னைக் கண்டதும், "மிஸ், நீங்கள் சொன்னாத்தான் கேப்பா. எழும்பச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் பொம்பிளையள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்குவன்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்படி எல்லாரும் பார்க்கிற நேரத்தில் நம்மைப் போன்றவர்கள் உடனே ஒரு முடிவு சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் மரியாதை போய்விடும் என்று ஒரு பயம். அன்றைக்கு என்னவோ, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள் என்று எல்லாரையும் கலைத்தேன். தலைவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் லெச்சுமியக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கேள்வி கேட்கவில்லை. கேட்க வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்தேன்.

"எம்புள்ள உள்ள இருக்கு, மிஸ்" என்றார்.

நம்மோடு கதைக்கும்போது அவர் நம்மைப் போலத்தான் கதைப்பார். தாய் தகப்பனிடம் பழகிய மலையகப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததை முதன்முதல் அங்கேதான் கேட்டேன்.

பிறகு சொன்னார். இடம்பெயர்ந்து கிழக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில், சனம் இந்தத் தரவையில் கொஞ்ச நாள் தறப்பாள் கட்டி இருந்திருக்கிறது. புருசன் பதுங்கப் பங்கர் ஒன்று வெட்டினார். தண்ணி அள்ளப் போன மகள் ஷெல் பட்டுத் திரும்பி வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். விஜி என்று பெயர், பள்ளிக்கூடப் பிள்ளை. புதைக்கக் கிடங்கு வெட்ட நேரமில்லை. அந்தப் பங்கருக்குள்ளேயே வைத்து மண் மூடினார்கள். சுற்றிவரப் பசியில் அலைகிற நாய்கள். அதற்கு முன்னம் ஒரு குடும்பம் மூடிய இடத்தை நாய் கிண்டியதை லெச்சுமியக்கா கண்ணால் கண்டிருந்தார். ஆகவே வேலியோரத்துக்கு ஓடி, முள்ளாக இருந்ததை எல்லாம் கையால் முறித்து இழுத்துவந்து அந்த மண்ணின் மேல் குவித்து, சரிந்துவிடாமல் தடிகளை ஆழ ஊன்றியும் விட்டார். கை முழுக்கக் கிழிந்து இரத்தம். அது நாயுண்ணி. தை மாதத்துக் கடைசி மழை, நிலம் நல்ல ஈரம்.

ஈர மண்ணில் ஊன்றிய நாயுண்ணித் தடி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அது வேர் விட்டது.

சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்டபோது அவருக்கு வேறு ஊரில் காணி இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு இங்கே வந்து காணி கேட்டு அலைந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்து பார்த்தபோது தரவையின் நடுவில் ஒரேயொரு பெரிய பற்றை பூத்து நின்றதாம். அதனால் இடம் தெரிந்தது. சந்தோசப்பட்டாராம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வந்த வெட்கத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பிறகு வருடத்துக்கு வருடம் அது பரவ, மாடு சாக, அவர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

"சொன்னா என்ன சொல்லுவினம் மிஸ்? மலைநாட்டாள் கொண்டந்து நட்ட நஞ்சு எண்டு சொல்லுவினம். நாங்கள் எங்க போனாலும் வந்தாக்கள்தானே. இந்த ஊரால எழுப்பிப்போட்டா நான் அவளை விட்டுட்டு எங்க போறது?"

தூரத்தில் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார். முடிவு எடுக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

முறைப்படி அறிவித்தால் என்ன என்று மெல்லக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொலிஸ் வரும், வழக்கு வரும், பிள்ளையைப் பையில் போட்டுக் கொண்டுபோவார்கள், எப்போது திருப்பித் தருவார்கள், தருவார்களோ என்றார். அதற்கு நான் என்ன உத்தரவாதம் கொடுக்க முடியும்? உள்ளே வெடிக்காத ஷெல் கிடக்கிறது என்று ஒரு பொய் சொல்லலாம், ஊரே நம்பும். ஆனால் அப்படிச் சொன்ன மறுநிமிடம் தரவை முழுவதையும் நாடா கட்டி மூடிவிடுவார்கள். எப்போது திறப்பார்களோ, ஆருக்குத் தெரியும்? மாடுகளுக்கு வேறு தரை இல்லை. வாளியை விட்டால் வேரோடு எது வெளியே வரும் என்று எனக்கு நினைக்கவே ஏலாமல் இருந்தது. நடுப்பற்றையை அப்படியே விட்டால், மற்றதை எல்லாம் துப்புரவாக்கி என்ன? பழம் பழுத்து, குருவி தின்று, மறுபடி முதலில் இருந்து.

உடனே செய்யக்கூடியதாக மிச்சம் இருந்தது ஒரு வழி. அடியோடு வெட்டி, வெட்டுவாயில் மருந்து பூசினால், கிண்டாமலே வேர் மண்ணுக்குள் செத்துவிடும். நல்ல வழி கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பில் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அவ மேல நஞ்சு ஊத்தச் சொல்றீங்களா, மிஸ்?"

வாய் தவறி வந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள முடியாது. நான் தலையைக் குனிந்தேன். பிறகு, வேறு வழி ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு வருடக்கணக்காகும் என்றேன். வெட்டவேண்டும். துளிர்க்கத் துளிர்க்க வெட்டவேண்டும். ஒரு துளிரும் இலை விரித்து வெயில் காண விடக்கூடாது. வேர் தான் சேமித்து வைத்ததை எல்லாம் செலவழித்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் செத்துப்போகும். ஒரு முறை விட்டாலும் பட்ட பாடெல்லாம் வீண்.

"நான் வெட்டுறன்" என்றார்.

தலைவரிடம் போய், நடுவில் இருக்கிற நிலத்துண்டை விடுங்கள், இயந்திரத்துக்கும் கைவெட்டுக்கும் எது நல்லது என்று பார்க்க அது பரிசோதனைத் துண்டு, வெட்டுவதற்கு லெச்சுமியக்காவைப் பொறுப்பாக்கியிருக்கிறேன் என்றேன். முகத்தை உத்தியோக முகமாக வைத்துக்கொண்டு சொன்னேன். நாங்கள் பொய் சொல்லும்போது அந்த முகம் நன்றாகக் கைகொடுக்கும். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. தலைவர் என்னையும் பார்த்தார், பற்றையையும் பார்த்தார். பரிசோதனை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் வீணாகாதே என்று புறுபுறுத்தார். ஆனால் மனுசன் சொல்லை மீறவில்லை. அடுத்த கிழமை தானாகவே ஒரு தகரப் பலகையில், பரிசோதனைத் துண்டு, உள்ளே வரவேண்டாம் என்று எழுதி, மாடு போகாதபடி நாலு கட்டை நட்டுக் கம்பியும் இழுத்துவிட்டார். விஜிக்கு இருந்த ஒரே பலகை அது.

ஒரு தடவை மேலிடத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, அருமையான முயற்சி, ஏன் ஒரு துண்டோடு நிறுத்தினீர்கள், இப்படி நாலைந்து இடத்தில் வைத்தால்தானே ஒப்பிடலாம் என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இடமில்லை ஐயா என்று சொல்லிச் சமாளித்தேன்.

லெச்சுமியக்கா வெட்டினார். நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேருக்குக் களை வெட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் மாதம் வெட்டுவார்கள், பிறகு கத்தி கூரையில் செருகியபடி இருக்கும். இவர் மழைக்காலத்தில் கிழமைக்கு இரண்டு தரமும் போவார். வெட்டிய துண்டு ஒன்றுகூட மண்ணில் விழாமல் சாக்கை விரித்து அதில் போடுவார், கிறவல் ரோட்டில் காயவைத்து எரிப்பார். அதை மட்டும் நான் ஒரு முறைக்கு மேல் சொல்லவேண்டியிருக்கவில்லை. காய்ச்சலோடும் போவார். மிஸ் தந்த வேலை என்று ஊருக்குச் சொல்லுவார். மிஸ் இவவைப் போட்டு வதைக்கிறா என்று ஊரில் என்னையும் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். சிலவேளை நான் அந்தப் பக்கம் போகும்போது, ஸ்கூட்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவேன். வெட்டி முடிந்த பிறகும் அவர் கம்பிக்குள் குந்தியிருந்து ஏதோ கதைத்துக்கொண்டிருப்பார். மாட்டுக் கதை, பால் கதை, ஊர்க் கதைதான். காற்று வளத்துக்கு எனக்குக் கொஞ்சம் கேட்கும். முடித்து எழும்பும்வரை காத்திருந்துவிட்டுப் போவேன்.

இப்போது உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், பிறகு முடிக்கிறேன். நாளைக்கு நீங்களும் இந்த மண்ணில் ஏதோ ஒரு பற்றைக்கு முன்னால் நிற்பீர்கள். யாரோ ஒருவர் குறுக்கே நிற்பார். விசர் என்று சொல்லச் சொல்லி ஊர் நெருக்கும், நேரம் நெருக்கும், மழை நெருக்கும். தேத்தண்ணிக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த வழிகளை எல்லாம் அதற்குப் பிறகு எடுங்கள். வன்னியில் ஒரு செடி தானாக முளைத்ததா, ஒருவர் கையால் ஊன்றியதா என்று பார்த்த பார்வையில் சொல்ல ஏலாது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாரி அது. மழை பெய்து ஓய்ந்து, தரவை முழுக்கப் புல். பட்டி பட்டியாக மாடு. அந்த வருடம் ஒரு மாடும் நாயுண்ணிக்குச் சாகவில்லை. தலைவர் வாயெல்லாம் பல்லாக நின்று, பரிசோதனை முடிந்ததுதானே, கம்பியைக் கழற்றி அந்தத் துண்டையும் மேய விடுவோமே என்று கேட்டார். நான் லெச்சுமியக்காவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பிக்குள் இரண்டு பேரும் குந்தியிருந்து, புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தோம். அடிக்கட்டைகள் உக்கி, கை பட்ட இடத்தில் தூளாகக் கொட்டின. ஒரு துளிர் இல்லை. என் சேவைக் காலத்தில் அவ்வளவு பழைய நாயுண்ணியை மருந்தில்லாமல், கிண்டாமல் சாகடித்தவர் வேறு எவரும் இல்லை. உத்தியோக புத்தி எங்கே போகும்? எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. "செத்துப்போச்சு அக்கா, இனி வராது. வெண்டிட்டீங்கள்" என்றேன்.

அவர் எழும்பவில்லை. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பார்த்த இடத்தையே திரும்பவும் விரலால் விலக்கிப் பார்த்தார். ஏதாவது ஒரு பச்சைத் துளிர் தப்பியிருக்காதா என்று தேடுகிறார் என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இனி நான் என்ன சாட்டுச் சொல்லி இஞ்ச வாறது, மிஸ்?" என்றார்.